காத்திருப்பதா, ஃபோனில் மொழிபெயர்த்துப் படிப்பதா, ஜப்பானியம் கற்பதா? ஆங்கிலத்துக்கு வராத ஜப்பானியப் பேய் நாவல்களுக்குப் போகும் வழிகள்

"அண்ணா, 'ஷிகி' அனிமேயை ரெண்டே நாள்ல பார்த்து முடிச்சிட்டேன். நாவல் இங்கிலீஷ்ல எங்க கிடைக்கும்?"

ஆண்டுக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். நூலின் பெயர் மாறும், கேள்வி மாறாது. கிடைக்காது என்று சொன்னதும் அடுத்தது வரும்: "அப்ப என்ன பண்றது? வெயிட் பண்ணவா, ஃபோன்ல டிரான்ஸ்லேட் பண்ணிப் படிக்கவா, படத்தோட விட்டுடவா?" போன மாதம் கேட்ட ஒரு பெண் இன்னும் ஒரு படி மேலே போய், "பேசாம ஜப்பானீஸ் கிளாஸ்ல சேர்ந்துடவா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அதுவும் ஒரு வழிதான்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இந்த எல்லா வழிகளிலும் கொஞ்சம் காசையும் நிறைய நேரத்தையும் விட்டவன் என்ற தகுதியில் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

## எந்த நூல்களைப் பற்றிப் பேசுகிறோம்

ஆண்டுக்கணக்கில் ஆங்கிலத்துக்காகக் காத்துக்கிடக்கும் நூல்களில் நாலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த நாலும் நாலு விதம்.

ஷிகி. ஓனோ ஃபுயுமி, 1998. மலைக்கிராமம் ஒன்றில் ஒரு கோடைக்காலத்தில் சாவு வீடு வீடாகப் போகிறது. பாக்கெட் பதிப்பில் ஐந்து தொகுதி.

சான்யே. இதுவும் ஓனோ ஃபுயுமிதான், 2012. ஒரு வாடகை வீட்டில் இரவில் பாய்த்தரையை ஏதோ உரசும் சத்தம் கேட்கிறது. அந்த மண்ணில் முன்னால் யார் இருந்தார்கள், அதற்கு முன் யார் என்று தோண்டிக்கொண்டே போகும் கதை. 2013-இல் யாமாமோதோ ஷூகோரோ பரிசு பெற்றது.

மோர்யோ நோ ஹாகோ. க்யோகோகு நாத்சுஹிகோ, 1995. துண்டாக்கப்பட்ட உடல்கள், பெட்டிகள், நூறு பக்கம் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர். ஒரே தொகுதியாக வந்த பாக்கெட் பதிப்பு ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். ஜப்பானிய வாசகர்கள் இவருடைய நூல்களைச் 'செங்கல்' என்றே கேலி செய்வார்கள்.

பொக்கே, க்யோதே. இவாய் ஷிமாகோ, 1999. ஜப்பான் திகில் நாவல் பரிசை வென்ற கதையும் வேறு சிலவும் அடங்கிய தொகுப்பு. தலைப்பே ஒகாயாமா வட்டார வழக்கு. 'ரொம்பப் பயம்ம்மா' என்பது போல. பொது ஜப்பானியத்தில் இதைத் 'தோதெமோ கொவாய்' என்பார்கள். இரண்டும் ஒரே பொருள்தான், ஆனால் ஒன்று தொலைக்காட்சிச் செய்தி, மற்றொன்று திண்ணை.

## எதை வைத்து எடை போடுவது

நேரம், காசு, எழுதியவருக்கு ஏதாவது போய்ச் சேருகிறதா, பின்னாளில் மூலத்தை வாசிக்கும் ருசி கெட்டுப்போகுமா என்ற நாலும் யாருக்கும் தோன்றுபவைதான். இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த நூலில் பயம் எங்கே குடியிருக்கிறது?

சிலவற்றில் பயம் நடக்கும் சம்பவத்தில் இருக்கும். சிலவற்றில் அது ஊரிலும், கதை நகரும் மெதுவான வேகத்திலும் இருக்கும். சிலவற்றில் சொல்பவரின் வாயில் இருக்கும். சம்பவம் எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் நிற்கும். குரல் அப்படியில்லை, பாத்திரம் மாறினால் சிந்திவிடும். நான் எடுத்த தவறான முடிவுகள் எல்லாமே இதைக் கேட்காமல் எடுத்தவை.

அவசரக்காரர்களுக்காக அட்டவணை:

| வழி | எப்போது கிடைக்கும் | கைச்செலவு | குரல் தங்குமா | பின்னால் மூலம் வாசித்தால் |
|---|---|---|---|---|
| காத்திருத்தல் | 3 முதல் 28 ஆண்டு, அல்லது எப்போதுமே இல்லை | ஒரு நூலின் விலை | மொழிபெயர்ப்பாளர் கையில் | முழு ருசி |
| இயந்திர மொழிபெயர்ப்பு | இன்றைக்கே | நூல், தபால், கண் வலி | தங்காது | பாதி கெட்டிருக்கும் |
| படம், அனிமே (அசைபடம்), மாங்கா (படக்கதை) | இன்றைக்கே | சந்தா | வேறொரு குரல் வரும் | முடிவு தெரிந்திருக்கும், சில நேரம் தவறாக |
| ரசிகர் மொழிபெயர்ப்பு, பிற மொழிப் பதிப்பு | அதிர்ஷ்டத்தைப் பொறுத்து | பெரிதாக இல்லை | ஆளைப் பொறுத்தது | பரவாயில்லை |
| ஜப்பானியம் கற்றல் | ஐந்தாறு ஆண்டு | வகுப்பு, தேர்வு, பொறுமை | தங்கும் | இதுதானே மூலம் |

## காத்திருப்பது

எவ்வளவு நாள் என்பதற்குப் பழைய கணக்கைப் பார்க்கலாம். சுசுகி கோஜியின் 'ரிங்' 1991-இல் வந்தது, ஆங்கிலத்தில் 2003. பன்னிரண்டு ஆண்டு. சேனா ஹிதெயாகியின் 'பாரசைட் ஈவ்' 1995, ஆங்கிலத்தில் 2005. கொய்கே மாரிகோவின் கல்லறைத் தோட்டத்துப் பக்கத்து அடுக்ககக் கதை 1988-இல் எழுதப்பட்டு 2016-இல்தான் ஆங்கிலம் ஏறியது. இருபத்தெட்டு ஆண்டு. முதல் பதிப்பை வாங்கிய இளம்பெண்ணுக்கு ஆங்கிலப் பதிப்பு வரும்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்திருக்கும்.

சீக்கிரம் வந்தவையும் உண்டு. 'பேட்டில் ராயல்' 1999, ஆங்கிலத்தில் 2003. அயாத்சுஜி யுகிதோவின் 'அனதர்' 2009, ஆங்கிலத்தில் 2013. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. 'பேட்டில் ராயல்' படம் 2000-இல் வந்தது. 'அனதர்' அனிமே 2012-இல். பன்னிரண்டு ஆண்டு தூங்கிய 'ரிங்'கூட, அமெரிக்க ரீமேக் 2002-இல் ஓடிய மறு ஆண்டே கடைக்கு வந்துவிட்டது. ஆங்கிலப் பதிப்பாளரைத் தட்டி எழுப்புவது பெரும்பாலும் நாவலின் பெருமை அல்ல, திரை.

திரையால் மட்டும் ஆகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஷிகிக்கு மாங்காவும் அனிமேயும் வந்தன. மோர்யோவுக்கு 2007-இல் படம், 2008-இல் அனிமே. இரண்டு நாவலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அங்கே குறுக்கே நிற்பது தடிமன் என்று நினைக்கிறேன். மொழிபெயர்ப்புக் கூலி நீளத்துக்கு ஏற்ப ஏறும், விற்பனை நீளத்துக்கு ஏற்ப ஏறாது. ஆயிரம் பக்கச் செங்கல்லுக்கு ஆகும் செலவில் முந்நூறு பக்க நூல் மூன்றைக் கொண்டுவந்துவிடலாம்.

காத்திருப்பதில் மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. பாதியில் கைவிடப்படுவது. மோர்யோ ஒரு வரிசையின் இரண்டாம் நூல். முதல் நூலான 'உபுமே நோ நாத்சு' 2009-இல் வெர்டிகல் பதிப்பகம் வழியாக ஆங்கிலத்தில் வந்தது. நானும் வாங்கினேன். அடுத்தது வரும் என்று அலமாரியில் பக்கத்தில் இடம்கூட விட்டுவைத்தேன். அங்கே இப்போது பஞ்சாங்கம் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் ஜப்பானியத் திகிலைத் தொடர்ந்து கொண்டுவந்த வெர்டிகல் பிறகு கோதான்ஷாவின் அமெரிக்கக் கிளைக்குள் கலந்துவிட்டது. 2009-இல் தொடங்கி ஓத்சுயிச்சியின் நூல்களையெல்லாம் தந்த ஹைகாசோரு வரிசையும் நின்றுபோனது.

இப்போது காற்று மறுபடி வீசுகிறது. முகமூடி போட்டுக்கொண்டு யூடியூபில் வரும் உகேத்சுவின் 'ஹென் நா யே' (விசித்திரப் படங்கள்) ஜப்பானில் 2022-இல் வந்து, 2025 தொடக்கத்தில் ஜிம் ரையன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. சில மாதத்தில் அவருடைய 'விசித்திர வீடுகள்' நூலும் வந்தது. அதனால் எந்த நூலுக்கும் வேறு வழி தேடும் முன்னால் பதிப்பாளர் அறிவிப்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காத்திருப்பது யாருக்கு ஏற்றது? நூல் மெலிதாக இருக்க வேண்டும், அண்மையில் வந்திருக்க வேண்டும், படமாகியிருக்க வேண்டும், வரிசையின் நடுவில் இருக்கக் கூடாது. நாலும் பொருந்தினால் பொறுங்கள். பொருந்தாத நூலுக்காகக் காத்திருப்பது கிளி இலவம்பழத்துக்குக் காத்திருந்த கதை.

## ஃபோனில் போட்டு மொழிபெயர்த்துப் படிப்பது

இதைத்தான் எல்லாரும் முதலில் செய்கிறார்கள். நானும் செய்தேன், 'சான்யே'யை வைத்து.

முதல் அடி காகிதத்திலேயே விழும். ஜப்பானிய நாவல் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக ஓடும். சீனத்திலிருந்து வந்த கடினமான காஞ்சி எழுத்துக்குப் பக்கத்தில் அதன் உச்சரிப்பைக் குட்டி எழுத்தில் போட்டிருப்பார்கள், ஃபுரிகானா என்று. கேமரா அந்தக் குட்டி எழுத்தைத் தனி வரியாக எடுத்துக்கொண்டு பக்கத்து வாக்கியத்தின் நடுவில் செருகிவிடும். பாக்கெட் நூலின் மடிப்புப் பக்கம் வளைந்திருப்பதால் கடைசி இரண்டு வரி எப்போதும் கந்தல். மின்னூல் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதிலிருந்து இஷ்டத்துக்கு நகலெடுக்க விடமாட்டார்கள். ஒரு பக்கத்துக்கு எனக்கு நாலு நிமிடம் ஆனது. இதில் படிக்கும் நேரம் சேரவில்லை.

இரண்டாவது, பெயர்கள். ஷிகியின் முதல் சில பக்கங்களை இதே போல் ஓட்டிப் பார்த்தபோது, நாத்சுனோ என்ற பையன் ஒரு பத்தியில் நாத்சுனோவாகவும் அடுத்த பத்தியில் 'கோடை வயல்' ஆகவும் இருந்தான். காஞ்சியின் நேர்ப்பொருள் அதுதான். ஊரின் பெயரான சோதோபா 'வெளி இடம்' ஆனது. இங்கே இழப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. சோதோபா என்பது கல்லறைக்குப் பின்னால் நட்டுவைக்கும் உயரமான மரப்பலகை. நம்முடைய ஸ்தூபம் என்ற சொல்தான் பௌத்தத்தோடு கடல் தாண்டிப் போய் அப்படி ஆனது. சவப்பெட்டியும் அந்தப் பலகையும் செய்து பிழைத்த ஊருக்கு அதே ஓசையில் பெயர். எழுத்தில் மட்டும் வேறு காஞ்சி போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். நாவல் தொடங்கும் முன்னரே ஊர்ப்பெயரில் சாவு உட்கார்ந்திருக்கிறது. 'வெளி இடம்' என்பதில் ஒன்றுமே உட்கார்ந்திருக்கவில்லை.

மூன்றாவதுதான் மோசம். ஜப்பானிய வாக்கியத்துக்கு எழுவாய் தேவையில்லை. 'தோ ஓ தாதாய்த்தே இரு' என்றால் கதவைத் தட்டும் செயல் நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தட்டுவது அவனா, அவளா, அதுவா? வாக்கியம் வாய் திறக்காது. பேய்க்கதை எழுதுபவர்கள் இந்த மௌனத்தை வைத்தே பிழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் போட்டால் இயந்திரம் ஏதோ ஒரு பாலைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தமிழில் போட்டால் இன்னும் கஷ்டம். எழுவாயை விட்டாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். தட்டுகிறான், தட்டுகிறாள், தட்டுகிறது. எனக்கு வந்த தமிழில் பெரும்பாலும் 'தட்டுகிறார்' என்று வந்தது. நள்ளிரவில் கதவைத் தட்டும் ஆவிக்கு அத்தனை மரியாதை.

இதே போல் இன்னொன்று. ஜப்பானியத்தில் 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு வினை உண்டு. உயிருள்ளதற்கு 'இரு', உயிரற்றதற்கு 'ஆரு'. மித்சுதா ஷின்சோ 2014-இல் ஒரு நாவலுக்கு 'தோகோ நோ இயே நி மோ கொவாய் மோனோ வா இரு' என்று தலைப்பு வைத்தார். எந்த வீட்டிலும் பயங்கரமானது ஒன்று இருக்கிறது என்பது பொருள். கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். அந்தப் பயங்கரமானது பரணில் கிடக்கும் சாமான் இல்லை, குடியிருக்கிறது என்று ஒரே வினையில் சொல்லிவிட்டார். இயந்திரம் தரும் 'இருக்கிறது' இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் 'சான்யே'யை இப்படிப் படித்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்த நாவல் விசாரணை அறிக்கை போல வறட்சியாக எழுதப்பட்டது. யார் எந்த ஆண்டு எந்த வீட்டில் குடியிருந்தார், அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று அடுக்கிக்கொண்டே போவார். வாக்கியம் சுமார் என்றாலும் அடுக்கு நிற்கும், பயமும் நிற்கும். இதில் தமிழனுக்கு ஒரு சலுகைகூட உண்டு. நாவலின் நடுநரம்பு 'கெகாரே' என்ற கருத்து. ஆங்கிலத்தில் இதற்கு அசுத்தம், மாசு என்று ஏதேதோ சொல்வார்கள். நமக்குத் தீட்டு என்ற சொல் அப்படியே கையில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு 'எங்கிஷிகி' சட்டத்தொகுப்பில் இந்தத் தீட்டு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும், அவரிடமிருந்து மூன்றாமவருக்கும் எப்படித் தொற்றும், எங்கே நிற்கும் என்று விதியே இருக்கிறது. நாவல் அந்த விதியை நவீன வாடகை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. சான்யே என்றால் எஞ்சிய தீட்டு. சாவு வீட்டுக்குப் போய்வந்து வாசலில் நின்று தண்ணீர் கேட்டவர்களுக்கு விளக்கவுரை எதற்கு?

நடை எளிமையாகவும் பயம் சம்பவத்திலும் இருந்தால் இந்த வழி போதும். குரலில் இருந்தால் தொடாதீர்கள். ஓட்டிய பக்கங்களை எங்கும் ஏற்றிவிடவும் வேண்டாம். சொந்தமாக வாசிப்பது ஒன்று, பிறர் நூலை ஊருக்கு விநியோகிப்பது வேறு.

## படம், அனிமே, மாங்கா

'ரிங்'கின் பேயான சதாகோ தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஊர்ந்து வரும் காட்சி உலகத்துக்கே தெரியும். சுசுகி கோஜியின் நாவலில் அது கிடையாது. 1998-இல் நகாதா ஹிதெயோ எடுத்த படத்தில் வந்தது. நாவலின் நாயகன் ஓர் ஆண் பத்திரிகையாளர். படம் அவரைத் தாயாக்கியது. இரண்டுமே படத்துக்கு நன்மை செய்தன. ஆக, திரை வடிவம் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு சாமான்.

வேறு சாமான் என்பதை மறந்தால்தான் நட்டம். ஷிகி மாங்காவும் அனிமேயும் ஒரு முக்கியப் பாத்திரத்தின் முடிவையே மாற்றிவிட்டன. யார் என்று சொல்லமாட்டேன். அனிமே பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்று நினைத்திருப்பவர்கள் வேறு கதையைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். தவிர, நாவலின் கனம் அந்த ஊரில் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு பேர் வாழும் ஊர். தேவதாரு மரங்கள் சூழ்ந்த மலை. ஜப்பானில் அநேகமாக எல்லா உடலும் எரிக்கப்படும் காலத்தில் இன்னும் புதைத்துக்கொண்டிருக்கும் ஜனங்கள். புதைக்கும் ஊர் என்பதால்தான் கதையே நடக்க முடிகிறது. 'சாவு ஊரை முற்றுகையிட்டிருக்கிறது' என்று தொடங்கிவிட்டு, ஓனோ நூற்றுக்கணக்கான பக்கம் அவசரப்படமாட்டார். கடைக்காரர் யாரோடு வம்பு பேசினார், எந்த வீட்டுக் கிழவருக்கு எந்த நாளில் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டே போவார். இருபத்திரண்டு எபிசோடில் இதற்கு இடமில்லை.

பொக்கே, க்யோதேவின் நிலை இன்னும் விசித்திரம். அதை மீகே தகாஷி 'இம்ப்ரின்ட்' என்ற பெயரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காக எடுத்தார். தாங்காது என்று அந்தச் சேனல் ஒளிபரப்பாமல் விட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் சித்திரவதைக் காட்சியைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. ஜப்பானிய நடிகர்கள் எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறார்கள். அந்தக் கதையின் உயிர் என்ன? தூக்கம் வராத ஒரு வாடிக்கையாளருக்குப் பரத்தையர் விடுதிப் பெண் ஒருத்தி ஒகாயாமா வழக்கில் இரவெல்லாம் சொல்வது. வாடிக்கையாளர் கதையில் வாயே திறப்பதில்லை. வாசகர்தான் அந்த இடத்தில் படுத்திருக்கிறார். படத்தில் அங்கே ஓர் அமெரிக்கர் வந்து உட்கார்ந்துகொண்டார். நாம் எழுந்து பின்வரிசைக்குப் போக வேண்டியதாயிற்று.

ஒரே மாலைப்பொழுதுதான் இருக்கிறது, கதை மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இந்த வழி. 'சான்யே' 2016-இல் நகாமுரா யோஷிஹிரோ இயக்கத்தில் வந்தது, மோசமில்லை. மோர்யோவுக்கு 2008 அனிமேயை நம்பிப் பார்க்கலாம். பதின்மூன்று எபிசோடில் அந்தப் பேச்சு வெள்ளத்தை ஓரளவு விட்டுவைத்திருக்கிறார்கள்.

## ரசிகர் மொழிபெயர்ப்பு, பிற மொழிகள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிஷி யூசுகேயின் 'ஷின்செகாய் யோரி'யை ரசிகர்கள் முழுதாகவே ஆங்கிலத்தில் போட்டார்கள். அப்படி முடிந்தவை அபூர்வம். மூன்றாம் அத்தியாயத்தோடு மொழிபெயர்ப்பவருக்குக் கல்யாணமாகிவிடும், அல்லது வேலை மாறிவிடும். உரிமை வாங்காதது என்பதால் எழுதியவருக்கு ஒரு யென்கூடப் போகாது. மூலத்தை விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பது என் சமாதானம். சட்டம் இதை ஏற்காது, மனசாட்சி கொஞ்சம் ஏற்கும்.

பிற மொழிகளை நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. யுமேனோ க்யூசாகுவின் 'தோகுரா மகுரா' 1935-இல் எழுதப்பட்டது. பிரெஞ்சில் 2003-இலேயே வந்துவிட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் ஆங்கிலத்தை எதிர்பார்த்து ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? மலேசியாவில் சீனப் பள்ளியில் படித்த தமிழர்களுக்கு இன்னும் யோகம். தைவான் பதிப்பாளர்கள் ஜப்பானியத் திகிலை ஆங்கிலத்தைவிட எத்தனையோ வேகமாகக் கொண்டுவருகிறார்கள்.

## ஜப்பானியம் கற்பது

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானியம் கற்பிக்க 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. தினமும் ஒரு மணி நேரம் என்றால் ஆறு ஆண்டு. பொதுப் பயன்பாட்டுக் காஞ்சி மட்டும் 2,136. இதைப் பார்த்துப் பயப்படாதவர்கள் மேலே படிக்கலாம்.

அந்த 2,200 ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். 'வாதாஷி வா கினோ மிசே தே ஹோன் ஓ கத்தா'. நான், நேற்று, கடையில், புத்தகத்தை, வாங்கினேன். சொல் வரிசையை ஓரிடத்தில்கூட மாற்ற வேண்டியதில்லை. வேற்றுமை உருபுகூடச் சொல்லுக்குப் பின்னால்தான் ஒட்டுகிறது. ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு தமிழும் ஜப்பானியமும் உறவு என்றே நூல்கள் எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கியத்தின் கடைசி வரை வினைக்காகக் காத்திருக்கும் பழக்கம் நமக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. காஞ்சிக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது.

சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் வகுப்பும் உண்டு, ஜூலையிலும் டிசம்பரிலும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வும் உண்டு. ஐந்து நிலையில் என்5 எளிது, என்1 உச்சம். என் அனுபவத்தில் என்3 தாண்டியதும் அகராதியோடு 'சான்யே' போன்ற நடையைத் தடவித் தடவிப் படிக்கலாம். அதற்கு முன் பிள்ளைகளுக்கான பேய்க்கதைகளில் கைவைப்பது நல்லது. 1990-இல் கோதான்ஷா தொடங்கிய 'காக்கோ நோ காய்தான்' வரிசை, அதாவது பள்ளிக்கூடப் பேய்க்கதைகள், குட்டிக் குட்டியாக இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்காகவே ஃபுரிகானா தாராளமாகப் போட்டிருப்பார்கள். பள்ளிக் கழிப்பறையில் ஆவி என்பது ஜப்பானியப் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் பொது.

இலவசம் வேண்டுமா, அஓசோரா புங்கோ என்ற மின்னூலகம் 1997 முதல் இருக்கிறது. உரிமை முடிந்த எழுத்தாளர்களின் நூல்கள் அங்கே குவிந்திருக்கின்றன. 1936-இல் இறந்த யுமேனோ, 1939-இல் இறந்த இசுமி க்யோகா, 1965-இல் இறந்த எதோகாவா ரம்போ. 2018 கடைசியில் ஜப்பான் காப்புரிமைக் காலத்தை ஐம்பதிலிருந்து எழுபது ஆண்டாக்கிவிட்டதால் புதுப் பெயர் சேர இன்னும் நாளாகும். ஒரு எச்சரிக்கை: 'இலவசம்தானே' என்று யுமேனோவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பத்தி புரிந்தது, அது தவறாகப் புரிந்திருந்தது.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், நீங்கள் கற்பது பாடநூல் ஜப்பானியம். என்1 வாங்கியவரும் ஒகாயாமா வழக்கின் முன்னால் திணறுவார். நெல்லைத் தமிழில் ஒரு பாட்டி சொல்லும் கதையை, சென்னையில் மூன்று மாதம் தமிழ் கற்ற வெள்ளைக்காரர் கேட்டால் எப்படியோ அப்படி. மோர்யோவுக்கு வேறு திணறல். அந்த நூலில் மோர்யோ என்றால் என்ன என்பதே பெரிய விவாதம். காஞ்சியைப் பிரித்து, பழைய சீன நூல்களைப் புரட்டி, பேசித் தீர்க்கிறார்கள். க்யோகோகு தன் பக்கங்களைத் தானே அடுக்குபவர். எந்த வாக்கியமும் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குத் தாண்டாது. பதிப்பின் அளவு மாறினால் அதற்கேற்ப வாக்கியத்தையே திருத்துவார். பக்கத்தைத் திருப்பும் நொடியில் என்ன தெரிய வேண்டும் என்பதையும் அவர்தான் தீர்மானிக்கிறார். இதை மூலத்தின் தாளில் அல்லாமல் வேறெங்கும் அனுபவிக்க முடியாது.

## கடைசியில் எந்த நூலுக்கு எது

'சான்யே'க்கு இயந்திரம், வேண்டுமானால் பிறகு படம். மோர்யோவுக்கு அனிமே, அதோடு 'உபுமே' ஆங்கிலப் பதிப்பு பழைய புத்தகமாகக் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். ஷிகிக்கு, என் கட்சி காத்திருப்பது. மேலே சொன்ன நாலு நிபந்தனையில் பாதிதான் அதற்குப் பொருந்துகிறது என்று தெரியும். ஆனாலும் அந்த ஊரை ஃபோன் கேமரா வழியாக நாலு நிமிடத்துக்கு ஒரு பக்கமாகப் பார்க்க எனக்கு மனமில்லை. அனிமே பார்த்துவிட்டீர்கள் என்றால் முடிவை மறக்க முயலுங்கள், அவ்வளவுதான்.

பொக்கே, க்யோதேவுக்கு மேலே சொன்ன எந்த வழியும் சரிவரவில்லை. என்னிடம் நூல் இருக்கிறது, மெலிசான பாக்கெட் பதிப்பு. ஒகாயாமா மாநிலத்தில் மிசுஷிமா தொழிற்பேட்டையில் ஏழு ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர் சிக்கினார். ஜேஎல்பிடி எழுதாதவர், ஜப்பானியம் முழுக்க ஷாப் ஃப்ளோரில் கற்றது. தலைப்பைப் படித்ததும் சிரித்துவிட்டார். "எங்க கேன்டீன் அம்மா இப்படித்தான் பேசும். குழம்பு காரமா இருந்தாலும் பொக்கே, குளிர் அடிச்சாலும் பொக்கே" என்றார். அவர் ஃபோனில் ஒரு வாக்கியம் படித்துத் தமிழில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். குரலைக்கூட அந்த அம்மாவைப் போலவே இழுத்துப் பேசினார். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. அப்போது ராத்திரி பதினொன்றரை. "மிச்சத்தை ஞாயித்துக்கிழமை பகல்ல வெச்சுக்கலாமே" என்றார்.

பகலில் மட்டும்தான் என்பது இப்போது எங்களுக்குள் ஒப்பந்தம். இதுவரை பதினாறு பக்கம் ஆகியிருக்கிறது.